துக்க வீட்டிற்குச் சமயம் உண்டா?



திருமண வீட்டிற்குச் செல்ல நம் ஊரில் யாரும் சமயம் பார்ப்பதில்லை. பொங்கலும், கிறிஸ்துமஸ் பலகாரமும், பெருநாள் பிரியாணியும் வீட்டுக்கு வீடு போய் வருகின்றன. ஆனால் துக்கம் என்று வந்துவிட்டால் மட்டும், "அவர்கள் முறை வேறு, நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். இது சரிதானா என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

எங்கள் பத்தாம் வகுப்புத் தோழி ஒருத்தியின் வாப்பா இவ்வாண்டு காலமானார். காலையில் செய்தி வந்தது. மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. இஸ்லாமியர் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. மறுநாள் போகலாம் என்றிருந்தோம். பிறகு எப்படிப் போவது, என்ன சொல்வது என்ற கூச்சத்திலேயே நாட்கள் ஓடின. அவள் பள்ளிக்குத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. "ஏன் ஒருவரும் வரவில்லை?" என்று அவள் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவிற்கு அவளே அழைத்தாள். பதினான்கு பேர் புறப்பட்டோம். வீட்டில் அனுமதி கிடைத்தது ஒன்பது பேருக்குத்தான். பரீட்சை நேரத்தில் தீட்டு வீட்டிற்குப் போகக்கூடாது என்றார் ஒரு பாட்டி. வேறு வேதம் ஓதும் இடத்தில் உட்காருவது நம் விசுவாசத்திற்கு இழுக்கு என்றார் ஒரு தாயார். பாட்டிக்குப் பதில் எளிது: வந்து தலைக்குக் குளித்துவிட்டுப் படிக்கலாம். தாயாரின் சொல்லை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னர் வருகிறோம்.

முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறும் முன் காசு சேர்த்து ஒரு ரோஜா மாலை வாங்கினோம். வீட்டிற்குள் நுழைந்த பிறகுதான் அதை எங்கே சாத்துவது என்று விழித்தோம். சுவரில் படமில்லை, குத்துவிளக்கில்லை, மெழுகுவர்த்தியில்லை. வெட்கத்தால் கூசி நின்ற எங்களிடமிருந்து தோழியின் பெரியம்மா மாலையை வாங்கி, பூக்களை உதிர்த்து ஒரு தட்டில் வைத்து, "கபருக்குக் கொடுத்தனுப்புறேன்மா" என்றார்.

உள்ளறையில் பெண்கள் பாயில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். திருக்குர்ஆனின் 30 பாகங்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒரே அமர்வில் முழுவதையும் ஓதி முடிக்கிறார்கள். நாம் செபமாலையின் பத்து மணிகளை ஆளுக்கொரு முறையாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. "மரியம் பேருல ஒரு அத்தியாயமே இருக்கு, தெரியுமா?" என்று ஒரு மூதாட்டி எங்களிடம் கேட்டார். அது 19ஆம் அத்தியாயமாம். கன்னியர் பள்ளியில் இத்தனை ஆண்டுகள் படித்தும் எங்களில் ஒருத்திக்கும் இது தெரியாது.

தோழியின் உம்மா 'இத்தா'வில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே இருக்கும் காலம் அது. அந்நிய ஆண்கள் அவரைப் பார்ப்பதில்லை. எங்கள் கணக்கு ஐயா வந்திருந்தாலும் வாசலோடு திரும்பியிருப்பார். நாங்கள் பெண்பிள்ளைகளாதலால் அவர் பக்கத்தில் உட்கார முடிந்தது. எங்களில் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, "எம் புள்ள பள்ளிக்கூடத்துல சோறு திங்குதா?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது நாட்களாக நாங்கள் கவனிக்கவேயில்லை.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். நாங்கள் அங்கே எங்களுக்குப் புரியாத எதையும் சேர்ந்து ஓதவில்லை. தலையை மூடிக்கொண்டு மௌனமாக இருந்தோம். கத்தோலிக்கப் பிள்ளைகள் இறந்தோருக்கான செபத்தை மனத்திற்குள் சொன்னார்கள். இந்துத் தோழியர் தங்களுக்குத் தெரிந்தபடி வேண்டினார்கள். எங்கள் விசுவாசம் எங்களிடமே இருந்தது. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும், அவர்கள் கன்னி மரியாளைப் போற்றுகிறார்கள் என்றும் கூறுகிறதே! சங்கம் கூறிய பின்னும் நாம் தயங்குவானேன்?

இன்னொன்றும் கேட்கிறோம். நாகூர் கந்தூரிக்கு நம் பெற்றோர் எத்தனை பேர் நம்மை அழைத்துப் போகிறார்கள்! கந்தூரி என்பதே ஷாகுல் ஹமீது ஆண்டகை மறைந்ததை நினைவுகூரும் விழாதான். அங்குள்ள மிக உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், அவர் இந்து. 400 ஆண்டுகளுக்கும் முன்பே மறைந்த மகானின் நினைவுநாளுக்குப் போகலாம், 40 நாட்களுக்கு முன் மறைந்த தோழியின் தந்தைக்காகப் போகக்கூடாது என்றால் எங்களுக்கு விளங்கவில்லை.

எங்களைத் தடுத்தது பெற்றோர் மட்டுமல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாளே போகாமல் எங்களைத் தடுத்தது அறியாமைதான். கருமாதி பதினாறாம் நாள் என்பது கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தெரியாது. நவம்பர் 2இல் நாம் கல்லறைக்கு ஏன் போகிறோம் என்பது மற்றவர்க்குத் தெரியாது. ஆகவே நீதிபோதனை வகுப்புகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். எப்போது போவது, என்ன கொண்டுபோவது, எங்கே உட்காருவது என்பதை அந்தந்த வீட்டுப் பிள்ளைகளே எடுத்துச் சொல்லட்டும். முதல் வகுப்பை எடுக்க எங்கள் தோழி சம்மதித்திருக்கிறாள். மாலைக் கதையைச் சொல்லக்கூடாது என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டோம். கட்டாயம் சொல்லுவேன் என்கிறாள்.