ஏப்பம் வந்துவிட்டது என்று படுத்துவிடாதீர்கள்

இரவுச் சாப்பாடு முடிந்து ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், தர்மபுரிப் பக்கத்து வீடுகளில் வைத்தியம் ஒரு வரிசையாக நடக்கும். முதலில் பெருங்காயம் கரைத்த வெந்நீர். அடுத்து ஓம வாட்டர். அதற்கும் அடங்காவிட்டால் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சோடாவும், மெடிக்கலில் கேஸ் மாத்திரையும் வாங்கி வருவான். பெரிதாக ஓர் ஏப்பம் வந்ததும், "பாத்தியா, வாய்வுதான்" என்று வீடே படுக்கப் போய்விடும். சோடா குடித்தால் யாருக்குத்தான் ஏப்பம் வராது? பாட்டிலில் அடைத்துக் கொடுத்த காற்று வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் அது கேஸாகவே இருந்துவிடுவதுதான் சிக்கல். பல தடவை பலித்த வைத்தியத்தை இந்தத் தடவை மட்டும் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

கேஸுக்கும் மாரடைப்புக்கும் வித்தியாசம் இல்லாமலில்லை. அமிலம் மேலேறினால் நெஞ்சு கரிக்கும், புளித்த ஏப்பம் வரும், குனிந்தாலும் படுத்தாலும் அதிகமாகும். வாய்வு இடம் மாறி மாறிக் குத்தும். மாரடைப்பு வேறு மாதிரி: நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல இருக்கும், தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவும், சட்டை நனையும்படி வியர்க்கும், மூச்சு வாங்கும். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுதலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. இரண்டின் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையே தடுமாறுகிறது. இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு என்றால் மேல்வயிற்று வலியும் வாந்தியும் மட்டும் வரலாம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கு வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் காட்டலாம். வீட்டு வேலையில் வந்த களைப்பு என்று அதையும் தள்ளிவிடுவார்கள்.

"சாப்பிட்ட பிறகுதானே வந்தது, அப்போ கேஸ்தான்" என்ற வாதமும் நிற்காது. இதயவலியை முதலில் விவரமாக எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், மேடேறி நடக்கும்போது, அதுவும் சாப்பிட்ட கையோடு நடந்தால், அது வரும் என்று 1772-லேயே அச்சில் சொல்லிவிட்டார்.

படிப்பறிவும் வசதியும் இல்லாதவர்கள் செய்யும் தவறு என்று இதை நினைப்பவர்களுக்கு ஐசனோவர் கதையைச் சொல்ல வேண்டும். 1955 செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் டென்வரில் கோல்ப் ஆடினார். மதியம் பச்சை வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்றார், வெங்காயத்தின்மேல் பழி விழுந்தது. நள்ளிரவுக்குப் பிறகு நெஞ்சுவலி; மருத்துவர் வந்தார். காலையில் பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டதோ அஜீரணக் கோளாறு. அன்று பிற்பகல் ஈசிஜி எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. அவர் பிழைத்தார், அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் ஜெயித்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஆகவே கேஸ் என்று சொல்லும் உரிமை ஈசிஜி பார்த்த மருத்துவருக்கு மட்டும்தான் உண்டு என்பேன். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி நீடித்தால் மறுபடி எடுப்பார்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "அதான் நார்மல்னு வந்துடுச்சே" என்று அவசரப்பட்டு எழுந்து வரக்கூடாது.

சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருப்பவருக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். சோடாவுக்கும் மாத்திரைக்கும் காத்திருந்தே அந்த நேரம் போய்விடுகிறது. இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. நல்ல திட்டம். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை. ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய சேதி இது.

பக்கத்து வீட்டுக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லித் தரும் சார்பிட்ரேட் மாத்திரையும் வேண்டாம். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ புதிதாக ஓர் அழுத்தம் வந்து சில நிமிடங்களில் போகவில்லை என்றால், வியர்வையும் சேர்ந்தால் அந்தச் சில நிமிடங்கள்கூடக் காத்திராமல், 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். காலை முதல் பஸ்ஸுக்கும் காத்திருக்காதீர்கள்.