போத்தலின் பின்பக்கத்தையும் வாசிப்போம்

அமெரிக்க விஸ்கிக்குப் புள்ளி போடும் காணொளிகள் யூடியூபில் குவிஞ்சு கிடக்கு. ஒருவர் கிளாஸை மூக்குக்குக் கிட்டப் பிடிப்பார். "வனிலா, கரமல், பழைய தோல் கதிரை" என்று அடுக்குவார். கடைசியில் நூற்றுக்கு 93. அது எந்தப் போத்தல், என்ன விலை, ஆர் அனுப்பினது என்றெல்லாம் அவருக்கு முதலே தெரியும். அவருடைய நாக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த 93இல் நாக்கின் பங்கு எவ்வளவு, பெயரின் பங்கு எவ்வளவு என்பதில்தான் சந்தேகம்.

என்னுடைய வாதம் சுருக்கமானது. ஒரு விஸ்கியின் சுவைக்குத் தீர்ப்புச் சொல்ல முதல் அதன் பெயரை மறைக்கவேண்டும். அதன் பெறுமதிக்குத் தீர்ப்புச் சொல்ல முதல் போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். இரண்டையும் செய்தால், விலை கூடக்கூடச் சுவையும் கூடும் என்ற நம்பிக்கை கனதூரம் தாக்குப்பிடிக்காது.

இதை வாசிச்சுப்போட்டு ஆரும் குடிக்கத் தொடங்கவேண்டும் எண்டில்லை. குடியால சிதைஞ்ச வீடுகளை எங்கட ஊர்களில் எல்லாரும் பார்த்திருக்கிறம். குடிக்காதவர்கள் தேயிலைக்கோ, வாசனைத் திரவியத்துக்கோ, சப்பாத்துக்கோ இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஒரு பண்டத்துக்கு மேலே ஒட்டப்பட்ட கதையை எப்படி வாசிக்கிறது என்பதுதான் இங்க கேள்வி. கலைப்பீடத்தில் நாலு வருசம் பிரதி வாசிக்கப் பழகுறம். லேபலும் ஒரு பிரதிதானே.

முதலில் உள்ளே என்ன இருக்கு என்று பார்ப்போம். அமெரிக்க விஸ்கியில் பிரதானமானது பேர்பன். கென்டக்கியில் செய்தால்தான் பேர்பன் என்று கனபேர் நினைக்கினம். அப்படியில்லை, ஐக்கிய அமெரிக்காவுக்குள் எங்கேயும் செய்யலாம். 1964இல் அமெரிக்கக் கொங்கிரஸ் அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி என்று தீர்மானம் போட்டது. சட்டப்படி தானியக் கலவையில் குறைந்தது 51% சோளம் இருக்கவேண்டும். வடிக்கும்போது மதுசாரம் 80%ஐத் தாண்டக்கூடாது. உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாவில்தான் முதிரவைக்கவேண்டும், பீப்பாவுக்குள் ஊற்றும்போது 62.5%க்கு மேலே போகக்கூடாது. போத்தலில் அடைக்கும்போது 40%க்குக் குறையக்கூடாது. "ஸ்ட்ரெய்ட்" என்று லேபலில் இருந்தால் குறைந்தது 2 வருடம் பீப்பாவில் இருந்தது என்று அர்த்தம். வயது 4 வருடத்துக்குக் குறைவு என்றால் அதை லேபலில் சொல்லியே ஆகவேண்டும்.

இதில் முக்கியமான சொல் "புது". ஸ்கொட்லாந்துக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே பாவித்த பீப்பாவைத்தான் எடுப்பார்கள், அதிலும் கனக்க அமெரிக்காவில் பேர்பன் இருந்த பீப்பாக்கள். புதிதாகக் கருக்கிய மரம் வனிலா, கரமல் மணங்களைத் தாராளமாகக் கொடுக்கும். ஓக் மரத்தில் இருக்கும் லக்டோன் என்ற ஒரு சேர்மம் தேங்காய் மணத்தையும் கொடுக்கும். பேர்பனை மணந்துபோட்டு "தேங்காய்ப்பூ மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தர் சொன்னால் அது மனப்பிரமை இல்லை. கலவையில் ரை தானியம் கூடினால் மிளகுக் காரம் வரும். ரைக்குப் பதிலாகக் கோதுமை போட்டால் மென்மையாக, இனிப்பாக இருக்கும். மேக்கர்ஸ் மார்க் அப்படிக் கோதுமை போட்டது.

வயதைப் பற்றிய நம்பிக்கையும் இங்கதான் ஆட்டம் காணுது. 18 வருடம் 6 வருடத்தை விட மூன்று மடங்கு நல்லது என்று நினைக்கிறம். கென்டக்கியின் கோடை கடும் வெக்கை. வெக்கையில் விஸ்கி மரத்துக்குள் ஊறும், குளிரில் திரும்பி வெளியே வரும். பீப்பாவும் புதுசு. அதனால் ஆறு, எட்டு வருடத்திலேயே ஒரு பேர்பன் நன்றாகப் பழுத்துவிடும். அதற்கு மேலே கனகாலம் விட்டால் மரத்தின் கசப்பும் துவர்ப்பும் மற்றதையெல்லாம் மூடிவிடவும் கூடும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகிப் போவதால் பழைய விஸ்கிக்குச் செலவு கூட என்பது உண்மை. ஆனால் செய்தவருக்குச் செலவு கூடியது என்பதும் குடிப்பவருக்குச் சுவை கூடியது என்பதும் ஒன்றில்லை.

இனிப் பெறுமதி. பின்பக்கத்தில் நான் முதல் தேடுவது மதுசார வீதம். 750 மில்லிலீற்றர் போத்தலில் 40% என்றால் உள்ளே 300 மில்லிலீற்றர் மதுசாரம், 50% என்றால் 375. இரண்டும் ஒரே விலை என்றால் இரண்டாவதில் கால்வாசி கூடக் கிடைக்குது. இது வெறிக்கிற கணக்கு இல்லை. தண்ணீர் கூடினால் மணமும் சுவையும் ஐதாகிப்போகும். 50% போத்தலுக்கு வேண்டுமென்றால் நீங்களே கிளாஸில் தண்ணீர் விடலாம், 40% போத்தலில் இருந்து தண்ணீரைத் திருப்பி எடுக்க ஏலாது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் இது தெரியும். 2013 பெப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் தன்னுடைய விஸ்கியை 45%இல் இருந்து 42%க்கு இறக்கப்போவதாக அறிவித்தது, கேள்விக்கு ஏற்ற அளவு சரக்கு இல்லை என்று காரணமும் சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, சுமார் ஒரு கிழமைக்குள் முடிவை வாபஸ் வாங்கியது. மூன்று வீதத்துக்காக மக்கள் சண்டை பிடித்து வென்ற கதை அது.

இரண்டாவதாகத் தேடுவது "பொட்டில்ட் இன் பொண்ட்" என்ற சொல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெறும் மதுசாரத்துக்குச் சாயமும் வாசனையும் சேர்த்து விஸ்கி என்று விற்பது அங்கே சாதாரணம். அதற்கு எதிராக 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசின் கண்காணிப்பில் உள்ள களஞ்சியத்தில் குறைந்தது 4 வருடம், போத்தலில் சரியாக 50%. அமெரிக்காவின் முற்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களில் இதுவும் ஒன்று. லேபலில் வரும் மற்றச் சொற்களைப் பாருங்கள். "ஸ்மோல் பட்ச்" என்பதற்குச் சட்டத்தில் வரைவிலக்கணமே இல்லை. பத்துப் பீப்பாவும் சிறுதொகுதிதான், இருநூறும் சிறுதொகுதிதான். "பொட்டில்ட் இன் பொண்ட்" என்ற பழைய, பவிசு இல்லாத சொல்லுக்குத்தான் அர்த்தம் இருக்கு. எவான் வில்லியம்ஸின் வெள்ளை லேபல் அந்த வகை. அமெரிக்காவில் 20 டொலர் அளவில் கிடைக்கும் சரக்கு. பெறுமதி என்றால் நான் கைகாட்டுவது அதைத்தான். அதே 50% அளவில், ஆனால் இன்னும் காரமாக வேண்டும் என்றால் 50.5% வைல்ட் டேர்க்கி 101.

மூன்றாவது, எங்கே வடித்தது. டெம்பிள்டன் ரை என்ற விஸ்கி அயோவா மாநிலத்தின் மதுவிலக்குக் காலப் பாரம்பரியத்தைச் சொல்லி விற்கப்பட்டது, அல் கபோனின் பெயரும் விளம்பரத்தில் வந்தது. உள்ளே இருந்த விஸ்கியை வடித்தது இந்தியானா மாநிலத்தில் உள்ள எம்.ஜி.பி. என்ற பாரிய வடிசாலை. அங்கே வடித்ததை வாங்கித் தங்கள் பெயரில் விற்கும் நிறுவனங்கள் பல. டெம்பிள்டன் மீது 2014இல் வழக்குப் போட்டார்கள். 2015இல் சமரசமாக முடிந்தது, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கவும் லேபலை மாற்றவும் சம்மதித்தார்கள். இந்தியானா விஸ்கி தரமானதுதான், அதில் குறை இல்லை. அந்த விஸ்கிக்கு மேலே அயோவாக் கதைக்கும் சேர்த்துக் காசு வாங்கினதுதான் பிரச்சினை.

விலையின் உச்சிக்குப் போனால் பாப்பி வான் விங்கிள். 2002இல் இருந்து அந்தக் குடும்பம் பஃபலோ ட்ரேஸ் வடிசாலையோடு கூட்டு. அதே வடிசாலையில், அதே கோதுமைக் கலவையில் செய்யப்படுவது வெல்லர். பாப்பி கூட வயதானது, தெரிவு செய்த பீப்பாக்களில் இருந்து வருவது. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நிறுவனம் குறிக்கும் விலை ஒன்று, மறுவிற்பனையில் கேட்கும் ஆயிரக்கணக்கான டொலர் இன்னொன்று. 2013இல் அந்த வடிசாலையில் இருந்து பாப்பிப் போத்தல்கள் பெட்டி பெட்டியாகக் களவு போனது அமெரிக்கா முழுக்கச் செய்தியானது. பிறகு வெல்லருக்கும் விசர் பிடித்தது. "ஏழையின் பாப்பி" என்று பெயர் வைத்து அதையும் ஏழைக்கு எட்டாமல் ஆக்கிவிட்டார்கள். ஊற்றிய சரக்கு அதேதான். சுத்தி இருந்த பேச்சுத்தான் மாறினது.

அப்ப சுவையை எப்படித்தான் தீர்மானிக்கிறது? மூன்று கிளாஸ் எடுங்கோ. இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறொன்று. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. உணவுத் தொழிலில் இதை முக்கோணச் சோதனை என்பார்கள். வித்தியாசமே பிடிபடாதவர் இது அதைவிட மூன்று மடங்கு நல்லது என்று சொல்ல ஏலாதுதானே. நாங்கள் ஐந்துபேர் ஒருக்கா இதைச் செய்து பார்த்தோம், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்த போத்தல்களை வைத்து. தலைக்கு ஒரு தேக்கரண்டி அளவு, பெயர் மறைத்து. ஜிம் பீமில் வறுத்த கச்சான் மணக்குது என்று மூன்றுபேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். மரப்பெட்டியில் வந்த விலைகூடினது ஒன்றுக்கு ஒரு தோழி எழுதியது "பலகை, கசப்பு" என்று. பெயரைத் திறந்து காட்டியவுடன் பேனையை எடுத்து அதைக் "கம்பீரமான மரத்தன்மை" என்று திருத்தினாள். எல்லாரும் சிரித்தோம், அவளும்தான். ஆனால் அந்த ஒரு திருத்தத்தில் விஸ்கி விமர்சனம் முழுக்க இருக்கு.

ஒருவர் கேட்கலாம்: கதையும் இன்பம்தானே? ஒரு போத்தலின் வரலாறு தெரிந்து குடிப்பதில் என்ன பிழை? பிழை இல்லை. கதைக்குக் காசு கொடுப்பதென்றால் அது உண்மைக் கதையாக இருக்கட்டும், முழுக் கதையாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஜாக் டேனியல்ஸை எடுங்கோ. டெனசி மாநிலத்து விஸ்கி. சர்க்கரை மேப்பிள் மரக்கரியால் வடிகட்டிப் பிறகுதான் பீப்பாவில் விடுவார்கள், அதன் வழுவழுப்புக்கு அதுதான் காரணம் என்பார்கள். சின்ன வயதில் ஜாக் டேனியல் டான் கோல் என்ற பாதிரியாரிடம் வடிக்கப் பழகினார் என்றுதான் நீண்டகாலம் கதை ஓடியது. உண்மையில் வடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பாதிரியாரின் இடத்தில் அடிமையாக வேலை செய்த நேதன் "நியரஸ்ட்" கிரீன் என்ற கறுப்பினத்தவர். விடுதலைக்குப் பிறகு டேனியலின் வடிசாலைக்குத் தலைமை வடிப்பாளராக இருந்ததும் அவர்தான். உள்ளூரில் இது தெரியாத விசயம் இல்லை. ஆனால் நிறுவனம் அதைப் பகிரங்கமாக முன்னுக்குக் கொண்டுவந்தது 2016இல்தான், தன்னுடைய 150ஆவது ஆண்டு விழாவில். அடுத்த வருடம் ஃபோன் வீவர் என்ற கறுப்பினப் பெண் "அங்கிள் நியரஸ்ட்" என்று அவர் பெயரிலேயே ஒரு விஸ்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

உலகத்தில் கனபேருக்குத் தெரிந்த ஒரு லேபலில் இருந்து, அதைச் செய்யக் கற்றுக்கொடுத்த மனிசன் இவ்வளவு காலம் காணாமல் போயிருக்கிறார். சுவையில் அவருடைய கை இருந்தது, பெயரில் இல்லை. ஆகவே பின்பக்கத்தை வாசிப்பது காசு மிச்சம் பிடிக்கிற விசயம் மட்டும் இல்லை. எது எழுதியிருக்கு, எது எழுதாமல் விடப்பட்டிருக்கு என்று கேட்பதும் அந்த வாசிப்புக்குள் அடங்கும்.

என்னிடம் யாராவது நல்ல அமெரிக்க விஸ்கி எது என்று கேட்டால் புள்ளி சொல்லமாட்டேன். எத்தனை வீதம், எத்தனை வருடம், எங்கே வடித்தது, அதில் ஆருடைய உழைப்பு என்று பார்க்கச் சொல்லுவேன். பிறகு பெயரை மறைச்சுப்போட்டு ஒரு வாய் குடிச்சுப் பார்க்கச் சொல்லுவேன். அதற்குப் பிறகும் மரப்பெட்டியில் வந்ததுதான் பிடிக்குது என்றால், தாராளமாக வாங்குங்கோ. அது உங்கட நாக்குச் சொன்ன தீர்ப்பு.