அருளும் கூலியும்

கிறிஸ்தவ வாழ்வில் மீண்டும் மீண்டும் எழுகின்ற ஒரு கேள்வி உண்டு. மனிதன் தனது முயற்சியினால் கடவுளுக்கு உகந்தவனாகின்றானா, அல்லது கடவுளின் அருளே அனைத்தையும் செய்து முடிக்கின்றதா? நான் இறையியல் கற்றவன் அல்லன். பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன். ஆயினும், இக்கேள்விக்குப் பிழையான விடை கூறப்படும்போது அதனால் காயப்படுவோர் சாதாரண மக்களே என்பதைக் கண்டவன் என்ற முறையில் சிலவற்றை இங்கு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

கலகெதரப் பகுதியில் எனக்குத் தெரிந்த தாயொருவரின் மகன் நீண்டகாலம் நோயுற்றிருந்தான். ஜெபக்கூட்டமொன்றில் அத்தாயிடம், "கடவுளின் அருளில் குறைவில்லை அம்மா, உங்கள் விசுவாசத்தில்தான் குறைவு" என்று கூறியிருக்கின்றார்கள். அன்று முதல் அவர் உபவாசமிருந்தார். இரவிரவாக விழித்திருந்து ஜெபித்தார். மகனின் நோய் அப்படியே இருந்தது. அதற்கு மேல், தன்னாலேயே பிள்ளை குணமடையவில்லை என்ற குற்ற உணர்வும் அவரை வாட்டியது.

அருள் இலவசம் என்று போதித்தவர்கள் விசுவாசத்தை அதற்கு விலையாக்கி விட்டார்கள் என்பதே இங்குள்ள முரண். நற்செயல்களை எண்ணிக் கணக்கு வைத்த இடத்தில் இப்போது நம்பிக்கையை அளந்து கணக்கு வைக்கின்றார்கள். பெயர் மாறியிருக்கின்றதேயன்றிக் கணக்குப் புத்தகம் மாறவில்லை.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கூறித் தமது கடமையிலிருந்து நழுவி விடுவது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொவிட் காலத்தில் முகக்கவசமும் தடுப்பூசியும் நம்பிக்கையீனத்தின் அடையாளம் என்று கருதியோர் பல நாடுகளிலும் இருந்தனர்.

இவ்விரு பிழைகளுக்கும் விடை தேடிக் கலகெதர மக்கள் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. புத்தளத்திலிருந்து குருநாகல் ஊடாகக் கண்டியை நோக்கி வரும் வீதியில் அமைந்திருப்பது இவ்வூர். 1692ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த குருவானவர் யோசப் வாஸ் புத்தளத்திலிருந்து கண்டி இராச்சியத்தை நோக்கி வந்த திசையும் இதுவே. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தவர் அவர். கண்டிக்கு வந்தவரை வரவேற்றது சிறைச்சாலையாகும். போர்த்துக்கேய உளவாளி என்ற குற்றச்சாட்டின் பேரில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான்.

எத்தனை திட்டங்களோடு அவர் வந்திருப்பார்! அத்தனையும் ஒரே நாளில் முறிந்தன. அவர் என்ன செய்தார்? சிறையில் இருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றார். தம் முயற்சி தோற்றது என்று மனமுடையவுமில்லை. கடவுள் கதவைத் திறக்கட்டும் என்று கைகட்டி இருக்கவுமில்லை.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். சொந்த உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். யோசப் வாஸும் அவரது மருமகனான யோசப் கர்வாலியோ அடிகளாரும் அங்கேயே தங்கி, மத பேதம் பாராது நோயாளருக்குப் பணிவிடை செய்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர். அருளை நம்பியவர்களின் கைகள்தாம் அங்கு ஓயாது உழைத்தன. பின்னாளில் அவரை ஆயராக்க முனைந்தபோது அப்பதவியை அவர் ஏற்க மறுத்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

செய்த பணிக்குக் கூலி கேளாமையும், கூலி இல்லை என்பதற்காகப் பணியை நிறுத்தாமையும் இவ்வாழ்வில் ஒருங்கே நிற்கின்றன. அருளை நம்பி வாழ்தல் என்பதன் பொருள் இதுதான் என்பது எனது துணிபு.

தமிழருக்கு இவ்விவாதம் புதியதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா பக்தனுக்கு உவமை என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டனர். மேற்குலகில் இதே வாதம் திருச்சபையைப் பிளப்பதற்கே ஒரு காரணமாயிற்று. 1517இல் மார்ட்டின் லூத்தர் தொடக்கிய பிணக்கின் மையத்தில் இருந்த இவ்விடயத்தில், 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கைச்சாத்திட்டனர். மனிதன் கடவுளால் ஏற்கப்படுவது அவனது தகுதியினாலன்று, அருளினாலேயே. அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஆயத்தப்படுத்துகின்றது என்பதே அதன் சாரம். பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுலடிகள், மீட்புக்காக உழையுங்கள் என்பதையும், உங்களுக்குள் செயலாற்றுபவர் கடவுளே என்பதையும் அடுத்தடுத்துக் கூறியிருப்பதும் நோக்கத்தக்கது.

ஆகவே, அருளைப் போதிப்போரிடம் எனது வேண்டுகோள் ஒன்றே. நோயுற்றவரின் இல்லத்திற்குச் செல்லும்போது அங்குள்ளோரின் விசுவாசத்தை அளந்து பார்க்காதீர்கள். யோசப் வாஸ் அளந்ததாக வரலாறு இல்லை. முடிந்தால் ஒரு நேர உணவைக் கொண்டு செல்லுங்கள். வைத்தியசாலைக்குச் செல்ல வாகனம் பிடித்துக் கொடுங்கள். இரவில் ஒருவர் உறங்குவதற்காக மற்றவர் விழித்திருங்கள். அதன் பின்னர் ஜெபியுங்கள். பிள்ளை குணமடைந்தால் அது உங்கள் ஜெபத்தின் வெற்றியும் அன்று. குணமடையாவிடில் அது தாயின் குற்றமும் அன்று. இதைக் கூற முடியாத போதனை எதுவாயினும், அதற்கு அருள் என்ற பெயர் பொருந்தாது.