டெக்ஸாஸ் மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்



ஹூஸ்டன், டாலஸ் நகரங்களில் குடியேறி இம்மண்ணையே சொந்த ஊராக வரித்துக்கொண்ட தமிழ்க் குடும்பத்தார் சிலர், நமது மின் தொகுப்பை லூயிஸியானா வழியாக மிஸிஸிப்பியோடு இணைக்கக் கருதும் 320 மைல் மின்பாதையைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் ‘நம் சுதந்திரம் பறிபோகும்’ என்ற பழைய ஆட்சேபமும் கூடவே எழுவதைக் கேட்டு மனம் பொறாமல், இவ்விண்ணப்பத்தைச் செய்துகொள்கிறோம்.

1935-ஆம் ஆண்டின் மத்திய மின்சாரச் சட்டத்துக்குக் கட்டுப்படாதிருக்கும்பொருட்டு மின்கம்பிகளை ராஜ்ய எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டோமே, அந்தச் சுதந்திரம் யாரைக் காத்தது? 2011 பிப்ரவரிக் குளிரில் மின்நிலையங்கள் முடங்கியபின், அவற்றுக்குக் குளிர்காப்புச் செய்யவேண்டுமென்று மத்திய விசாரணையாளர் சிபாரிசு செய்தும், கட்டாயப்படுத்துவாரின்றி அச்சிபாரிசு ஏட்டோடு கிடந்தது. அதன் பலனாக, 2021 பிப்ரவரியில் மீண்டும் கடுங்குளிர் வந்தபோது, 15-ஆம் தேதி பின்னிரவில், வாயுக்கிணறுகள் உறைந்து, மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோக, 60 ஹெர்ட்ஸாக இருக்கவேண்டிய அதிர்வெண் 59.4-க்குக் கீழே 4 நிமிஷம் 23 விநாடி கிடந்தது. 9 நிமிஷம் கிடந்திருந்தால் தொகுப்பு முழுவதுமே வீழ்ந்திருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் வெட்டப்பட்டு, 45 லட்சம் இல்லங்களும் கடைகளும் இருளில் ஆழ்ந்தன. அண்டையாரிடம் கைமாற்றுக் கேட்கலாமென்றால், வெளியே நமக்கிருந்த இணைப்புகளின் சக்தி மொத்தமும் சுமார் 1,200 மெகாவாட்தான். ராஜ்ய சுகாதார இலாகாவே கணக்கிட்ட மரணங்கள் 246; அவற்றில் 161 குளிரினால் நேர்ந்தவை. எண்ணெயும் வாயுவும் கொழிக்கும் பூமியில், வீட்டுக்குள்ளேயே மனிதர் விறைத்து மாண்டார்கள்!

நம் தொகுப்பில் சேராமல் மேற்கு ராஜ்யங்களின் தொகுப்போடு இணைந்து, 2011-இன் பாடத்தைக் கற்றுக் குளிர்காப்பும் செய்திருந்த நமது எல் பாஸோ நகரமோ, அந்த வாரத்தை ஏறக்குறைய விளக்கணையாமலே கடந்தது.

குளிர்காப்பை 2021-இல் சட்டம் கட்டாயமாக்கியது உண்மையே. ஆயினும் தொகுப்பு இன்னும் தீவாகவே இருக்கிறது. புதிய பாதை 3,000 மெகாவாட் கொண்டுவரும். அதனால் நமது தொகுப்பு தன் அதிகாரத்துக்கு உட்படாது என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமே 2014-இல் உத்தரவிட்டிருக்க, ஆட்சேபத்துக்கு ஆதாரம் ஏது?

ஆகவே, உங்கள் சட்டசபைப் பிரதிநிதிக்கு இன்றே எழுதுங்கள்; இணைப்பை ஆதரிக்கிறாரா, இல்லையா என்று பகிரங்கமாகப் பதில் கேளுங்கள். 2011-இல் நாம் அறியாதிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். 246 பேரை அடக்கம் செய்தபின் அந்தச் சமாதானம் செல்லாது. இனியொரு குளிரில் மாள்வோருக்கு, மௌனமாயிருந்த நாமே பொறுப்பாளிகள்.