சொசேஜ் சுட்டுப் பள்ளிக்கூடம் நடத்தலாமோ?

விக்டோரியாவில் நாலு வருசத்துக்கு ஒருக்கா, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மாநிலத் தேர்தல். ஊரில் ஆமியும் சென்றியும் தாண்டி வாக்குப் போடப் போன எனக்கு, இங்கே பள்ளிக்கூட வாசலில் வெங்காயம் வதங்குகிற மணத்தோடு வாக்குப் போட்டது முதல் தரம் அதிசயமாகத்தான் இருந்தது. பாண் துண்டில் சொசேஜ் வைத்து விற்பார்கள். விற்பது பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்.

2022 தேர்தலில் நானும் அங்கே நின்று சொசேஜ் பிரட்டினேன். பேத்தி படிக்கிற அரசாங்கப் பள்ளி. காசு எதற்கு? வாசிப்புப் புத்தகங்களுக்கு. வேலியில் வேட்பாளர்களின் சிரித்த முகங்கள். வேலிக்கு உள்ளே, அரசாங்கம் வாங்கித் தரவேண்டிய புத்தகத்துக்கு நாங்கள் வேர்த்து வழிகிறோம். எங்கட கார் நம்பர் பிளேட்டில் 'கல்வி மாநிலம்' என்று வேறு எழுதியிருக்கிறது!

கணக்கு இதுதான். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ அதைக் கொடுக்க வேண்டும் என்று 2012 இல் கொன்ஸ்கி அறிக்கை சொன்னது. 2014 இலிருந்து அதற்கு ஒரு அளவுகோலும் வந்தது. 2017 இல் மத்திய அரசு பங்கு பிரித்தது: தனியார் பள்ளிகளுக்கு அந்த அளவில் 80 வீதம் தான் தரும், அரசாங்கப் பள்ளிகளுக்கு 20 வீதம். மாநிலங்களிடம் 75 வீதம் கேட்டது. கூட்டிப் பாருங்கள், 95 தான் வரும். மிச்சம் 5 வீதத்துக்கு ஆளில்லை. 2025 ஜனவரியில் விக்டோரியா புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது. மத்திய அரசின் பங்கு 2034 க்குள் 25 ஆகுமாம். ஆனால் மாநிலம் தன் 75 வீதத்தை 2028 இலிருந்து 2031 க்குத் தள்ளிப்போட்டது, பள்ளிகளுக்கு 2.4 பில்லியன் டொலர் குறைகிறது என்று அதே வருச நடுவில் செய்தி வந்தது.

2014 இல் பிரெப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 2026 இல் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக் காலமே முடிந்துவிடுகிறது.

ஏன் தேர்தல் மேடையில் இது பெரிதாக வருவதில்லை? 2018 தேர்தலில் டானியல் அன்ட்ரூஸ் 2026 க்குள் 100 புதுப் பள்ளிகள் என்றார். புதுப் புறநகர்களுக்கு அவை தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். உதவி ஆசிரியையின் சம்பளத்துக்கு என்ன நாடா வெட்டுவது?

அந்தச் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். 1996 இல் நாங்கள் வந்தபோது மகளுக்கு ஏழு வயது. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வெளியில் வெடி போட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஒரு உதவி ஆசிரியை தானும் மேசைக்குக் கீழே குந்தியிருந்து படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கு மகள் தாதி. அந்த மனுசி இல்லாவிட்டால் என்னவாகியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே பயம்.

எங்கட ஆக்களிடம் இதைக் கதைத்தால், "அண்ணை, எங்கட பிள்ளையளை ரியூசனுக்கு விட்டுச் செலெக்டிவ் சோதினை பாஸ் பண்ண வைப்பம், எங்களுக்கேன் உந்தக் கதை?" என்கிறார்கள். சரி, அந்தச் செலெக்டிவ் பள்ளிகளும் அரசாங்கப் பள்ளிகள்தானே? சோதினை பாஸ் பண்ணாத பிள்ளையும் எங்கட பிள்ளைதானே?

இலங்கையில் 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்தவர்கள் நாங்கள். அது இல்லாவிட்டால், புகையிலைத் தோட்டம் கொத்தின என் அப்பா என்னை ஏ.எல் வரைக்கும் படிப்பித்திருக்க மாட்டார். அந்தக் கடனை இங்கேதான் திருப்பிக் கட்டலாம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தைப்பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிற வேட்பாளரோடு படம் எடுங்கள், பரவாயில்லை. எடுத்து முடிய, "75 வீதம் எந்த வருசம்?" என்று ஒருக்காக் கேளுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள்.

சொசேஜ் நான் சுடுகிறேன்.