இருமலை அடக்கி நோயை ஒளிக்கும் குப்பிகள்

இருமல் நோயன்று, நோய் உண்டென்று உடல் எழுப்பும் குரல். மூச்சுக்குழலில் புகுந்த தூசியையும் தேங்கிய கோழையையும் வெளியே தள்ள உடல் அமைத்துக்கொண்ட காவலும் அதுவே. அக்குரலைக் கேட்டு அதன் கரணியத்தைத் தேடுவது மருத்துவம்; குரல்வளையைப் பிடித்து வாயடைப்பது வணிகம். இற்றை நாளில் புறநோயர் பகுதிகளில் நடப்பது இவற்றுள் எது? எத்தனை நாளாய் இருமுகின்றீர் என்னும் ஒரு வினாக் கூடக் கேட்கப்பெறாமல், இருமலோடு வரும் ஆணும் பெண்ணும் கையில் ஒரு குப்பியோடு திருப்பி அனுப்பப்படுவது நாள்தோறும் காணும் காட்சியன்றோ!

அந்தக் குப்பிக்காவது ஆற்றல் உண்டா? திடீரெனத் தோன்றும் இருமலுக்குக் கடைகளில் கிடைக்கும் மருந்துகளைப் பற்றிய 29 ஆய்வுகளைக் காக்ரேன் என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒருங்கே திரட்டி 2014-இல் முடிவு வெளியிட்டது. அவற்றுள் 19 ஆய்வுகள் வளர்ந்தோரைப் பற்றியவை. அம்மருந்துகள் பயன் தரும் என்று கூறவும் தாரா என்று கூறவும் தக்க வலிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. தடுமனால் வரும் இருமல் பெரும்பாலும் தானே தணிவது. அது ஏறத்தாழ 18 நாள் நீடிக்கும் என்றும், மக்களோ ஏழு முதல் ஒன்பது நாளுக்குள் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கின்றனர் என்றும் அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. இவ்விரு கணக்கிற்கும் இடைப்பட்ட பத்து நாள் பொறுமையின்மையே குப்பி வணிகத்தின் விளைநிலம். உடல் தானே ஆற்றிக்கொண்டதைக் குப்பி ஆற்றியதாக மக்கள் நம்புகின்றனர். நம்புமாறு விளம்பரமும் செய்யப்படுகின்றது.

பயனில்லாத மருந்தால் பணம் மட்டுமே போகுமெனில் பொறுத்துக்கொள்ளலாம். உயிரும் போகின்றதே! காசம் என்று வழங்கும் என்புருக்கி நோய்க்கு முதல் அடையாளம் இருமலே. உலகத்து என்புருக்கி நோயருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் வாழ்கின்றார். பானர்சி, ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர் இருவர், கருநாடகத்துத் துமக்கூர் மாவட்டத்தில் இந்நோயரைத் தேடிச் சென்று ஆய்ந்து 1963-இல் தம் முடிவை வெளியிட்டனர். நோயருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே மருத்துவமனைக்கு வந்திருந்தனர். வந்தவர்க்குக் கோழை ஆய்வு செய்யப்படவில்லை. பெரும்பாலார்க்குக் கிடைத்தது ஒரு குப்பி இருமல் மருந்தே! நோயாளிக்கு அறிவில்லை, மருத்துவமனைக்கு வருவதில்லை என்று பழிப்போர் இந்த முடிவை நெஞ்சில் பொறித்துக்கொள்ளட்டும். வந்தவனைத் திருப்பி அனுப்பிய குற்றம் யாருடையது?

அறுபது ஆண்டுகள் கடந்தன. குப்பியின் வடிவம் மாறிற்று; நிறமும் பெயரும் விலையும் மாறின. வினாக் கேளாமல் குப்பி நீட்டும் கை மட்டும் மாறவில்லை. என்புருக்கி நோயர் தனி விடுதியில் கிடக்க வேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம் என்று 1959-இல் உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்த மண்ணிலேயே, நோயைக் கண்டறியாமல் குப்பி மேல் குப்பியாக மாற்றிக் குடித்து நுரையீரலை அரிக்கவிடும் நிலை தொடரலாமா? இரண்டு வாரம் இருமல் நீடித்தால் கோழையை ஆய்வு செய்ய வேண்டும் என்பது நாட்டின் என்புருக்கித் திட்ட நெறி. அரசு மருத்துவமனைகளில் அவ்வாய்வும் மருந்தும் விலையின்றிக் கிடைக்கின்றன. விலையில்லா ஆய்வு காத்துக் கிடக்க, விலைகொடுத்து வாங்கும் குப்பி முந்திக்கொள்கின்றது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நோய் அவருடைய மனைவி மக்களுக்கும் பரவுகின்றது.

என்புருக்கி ஒன்றுதானா? குருதியழுத்தத்திற்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலிய மாத்திரைகள் சிலர்க்கு வறட்டிருமலை உண்டாக்கும். மருத்துவர் மாத்திரையை மாற்றினால் நிற்கும் அவ்விருமலுக்குக் குப்பி எழுதுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும். ஈளை நோய்க்கும், புகைப்பதால் கெட்ட நுரையீரலுக்கும், எதுக்களிப்புக்கும் தனித்தனிப் பண்டுவம் உண்டு. எல்லாப் பூட்டிற்கும் ஒரே திறவுகோல் என்பது ஏமாற்று.

குப்பிக்குள் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். இருமலை அடக்கும் டெக்சுட்ரோமெத்தார்பனும், கோழையை இளக்கி வெளியேற்றும் புரோம்கெக்சினும் ஒரே குப்பியில்! கோழையை இளக்குவானேன்? அதை வெளியே தள்ளும் இருமலை அடக்குவானேன்? இத்தகைய கூட்டு மருந்துகளுக்கு மருத்துவ முறையான கரணியமில்லை என்று அறிவாளர் குழுக்கள் கூறின. 2016 மார்ச்சில் நடுவணரசு 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தது. நிறுவனங்கள் வழக்கு மன்றம் ஏறின. அவ்வாண்டு திசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கிற்று. 2017 திசம்பரில் உச்சநீதிமன்றம் மீளாய்வுக்கு ஆணையிட்டது. 2018-இல் 328 கலவைகளும், 2023 சூனில் மேலும் 14 கலவைகளும் தடை செய்யப்பட்டன. அந்தப் பதினான்கில் மிகப் பல இருமல், சளி மருந்துகளே. ஏழாண்டு இழுபறி! மக்கள் உடல்நலத்தைவிட வணிகர் வருவாய்க்கு இந்நாட்டில் வழக்காடுவோர் மிகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இருமலை அடக்கும் கோடீன் அபினியின் இனத்தது. உடலுக்குள் அதன் ஒரு பகுதி மார்பீனாக மாறுகின்றது, மூச்சைத் தளர்த்துகின்றது, பழகியவரை அடிமையாக்குகின்றது. அதன் உறவான போல்கோடீனை உட்கொண்டவர்க்கு, பின்னர் அறுவைப் பண்டுவத்தின்போது தசை தளர்த்தும் மருந்துகளால் உயிர்க்கு இடர்தரும் ஒவ்வாமை நேரக்கூடும் என அறிந்து, 2022 திசம்பரில் ஐரோப்பிய மருந்து முகவாண்மை அதைத் திரும்பப் பெறுமாறு பரிந்துரைத்தது. ஆண்டுக்கணக்கில் வெறும் இருமல் மருந்துதானே என்று குடிக்கப்பட்டது அது.

2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்கூடம் ஒன்றில் செய்த மருந்தை உட்கொண்டு, மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா வட்டாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அம்மருந்தில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்ததைத் தமிழக மருந்து ஆய்வகம் கண்டறிந்தது. குழந்தைகளின் சாவு நாட்டை உலுக்கிற்று; உலுக்கவும் வேண்டும். ஆனால் குப்பியை நம்பித் திங்கள் கணக்கில் காத்திருந்து, குருதி கக்கியபின் நோய் அறியப்பட்டு மடியும் உழைப்பாளியின் சாவு எந்தச் செய்தித்தாளை உலுக்கிற்று?

நோயரே மருந்து கேட்கின்றனர், கொடாவிட்டால் வேறு மருத்துவரிடம் செல்கின்றனர், நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கின்றனர், நேரமில்லை என்பர் மருத்துவர். கூட்டம் மிகுதி என்பது உண்மை. மருத்துவரைப் போதிய அளவில் அமர்த்தாத அரசே அதற்குப் பொறுப்பு. எனினும், எத்தனை நாளாய் இருமல், எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் உண்டா, வேறு மாத்திரை உண்கின்றீரா என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? மூன்று மருந்தின் பெயரைச் சீட்டில் கிறுக்கும் நேரத்தில் இந்நான்கு வினாவும் முடிந்துவிடும்.

அந்தக் கிறுக்கலையும் குப்பியின் மேலுள்ள பொடி ஆங்கிலத்தையும் எந்தத் தமிழ்த்தாய் படித்தறிவாள்? தூக்கம் தரும், வண்டி ஓட்டாதீர் என்னும் எச்சரிக்கை, ஓட்டுநனுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் அது யாரைக் காக்கும்? மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகப் படிக்குமாறு எழுத வேண்டும் என 2016-இல் இந்திய மருத்துவ மன்றமே நெறி திருத்தியது. அந்நெறி ஏட்டளவில் நிற்றல் கூடாது. எச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். உண்பவனுக்கு உணவின் பெயர் தெரிய வேண்டுமெனில், நோயுற்றவனுக்கு மருந்தின் பெயரும் தீங்கும் தெரிய வேண்டாவா?

தமிழ் மக்களே! குப்பியைக் கேட்டு வாங்குவதை விடுங்கள். இருமலின் கரணியத்தைக் கேட்டு வாங்குங்கள். தடுமனோடு வந்த இருமலெனில் வெந்நீரும் தேனும் பொறுமையும் போதும். இரண்டு வாரம் கடந்தாலும், கோழையில் குருதி கண்டாலும், மூச்சு முட்டினாலும், உடல் மெலிந்தாலும் மருந்துக்கடைக்குச் செல்லாதீர்; மருத்துவமனைக்குச் சென்று, கோழையை ஆய்வு செய்க என்று உரிமையோடு கேளுங்கள். நோயின் குரலை அடக்கும் மருந்து வேண்டா. நோயைக் கண்டறியும் மருத்துவம் வேண்டும்!