1 டெரா பைட்... ஒரே நாள் ஞாபகம்!

ஹாஸ்டல் வராண்டா, கேன்டீன், லைப்ரரி வாசல்... எங்கே பார்த்தாலும் சிசிடிவி கேமரா. ‘எத்தனை மெகா பிக்ஸல்?’னு கேட்டிருப்பீங்க. ‘எத்தனை நாள் பதிவு இருக்கும்?’னு யாராவது கேட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? முக்கியமான கேள்வியே அதுதான்.

சின்னதா ஒரு கணக்கு. கேமரா அனுப்புற டேட்டாவோட வேகம்தான் பிட் ரேட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். ஆக, எம்.பி.பி.எஸ். எவ்வளவோ, அதை 10.8-ஆல் பெருக்குங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஜி.பி.ன்னு வந்துடும். 2 எம்.பி.பி.எஸ். கேமரான்னா 21.6 ஜி.பி.

கோவில்பட்டியில ஒரு கடலைமிட்டாய் கடை. இதே மாதிரி நாலு கேமரான்னு வெச்சுக்கோங்க. தினமும் 86.4 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள்தான் தாங்கும். ஒரு மாசம் வேணும்னா 2.6 டி.பி. தேவை. ஹெச்.264-க்கு பதிலா ஹெச்.265 போட்டா கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

டிஸ்க் நிரம்பினா பழைய பதிவு அழிஞ்சு புதுசு ஏறும். நம்ம ஊர் கண்மாய் நிரம்பி மறுகால் பாயுற மாதிரி. ஆனா, கண்மாய் நிரம்பாமலே மடையைத் திறந்துவிடவும் ஒரு செட்டிங் உண்டு. ‘இத்தனை நாள் போதும்’னு குறிச்சுட்டா, இடம் காலியா கிடந்தாலும் அழிச்சிடும்.

அந்த செட்டிங் என்ன பண்ணும்? 2020, ஜூன் 19. ஊரடங்கு நேரம். சாத்தான்குளத்துல செல்போன் கடை வெச்சிருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கைது பண்ணுச்சு. மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி ராத்திரி மகன், 23-ம் தேதி காலையில அப்பா... கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில இறந்துபோனாங்க.

விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவைத் தேடினார். 19-ம் தேதி பதிவு இல்லை. ஹார்டு டிஸ்க்ல 1 டி.பி. இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி செட் பண்ணியிருந்ததா உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அன்னிக்கு ராத்திரி டியூட்டியில இருந்த தலைமைக் காவலர் ரேவதி, பார்த்ததை சாட்சியா சொன்னார். டிஸ்க் மறந்ததை ஒரு மனுஷி மறக்கலை. ஆனா எல்லா ஸ்டேஷன்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்களா?

அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. எல்லா காவல் நிலையத்துலயும் கேமரா வேணும், பதிவு 18 மாசம் இருக்கணும். அவ்வளவு கொள்ளளவு உள்ள கருவி சந்தையில கிடைக்கலைன்னாலும், ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. நம்ம கணக்குப்படி, 18 மாசத்துக்கு ஒரே ஒரு கேமராவுக்கே ஏறத்தாழ 12 டி.பி. ஆகும். பெரிய செலவுதான். ஆனா, சாத்தான்குளத்துல குறைஞ்சது டிஸ்க் இல்லையே!

நாளைக்கு உங்க காலேஜ்ல கேமரா மாட்டினா மூணே மூணு கேள்வி கேளுங்க. எத்தனை நாள் பதிவு நிக்கும்? அந்த நாள் கணக்கை முடிவு பண்றது யாரு? அழிக்கிற பாஸ்வேர்டு யார் கையில? ராகிங்கோ திருட்டோ நடந்தா, புகார் எழுதுற அன்னிக்கே ‘பதிவை காப்பி எடுத்து வையுங்க’ன்னு அந்தப் புகார்லயே சேர்த்து எழுதுங்க. நாள் தாண்டிட்டா, எத்தனை மெகா பிக்ஸல் இருந்தும் பிரயோஜனம் இல்லை பாஸ்!